பெங்காசி வழக்கும் பீஸ்ட் மென்பொருளும்: ஒரு வைரஸின் வயதைக் கணக்கிட்ட ஆய்வு

2006 டிசம்பர் 6 அன்று 'நேச்சர்' இதழ் இரண்டே பக்கமுள்ள ஓர் ஆய்வுக் கட்டுரையை இணையத்தில் வெளியிட்டது. அப்போது லிபியச் சிறையில் ஐந்து பல்கேரிய நர்சுகளும் ஒரு பாலஸ்தீன டாக்டரும் மறுவிசாரணையின் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள். 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் உடலில் வேண்டுமென்றே எச்.ஐ.வி. கிருமியை ஏற்றினார்கள் என்பது அவர்கள் மேல் இருந்த குற்றச்சாட்டு. மரண தண்டனை நிச்சயம் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். இந்த ஆறு பேரும் அந்த மருத்துவமனைக்கு வருவதற்கு முன்பே வைரஸ் அங்கே பரவிக்கொண்டிருந்தது என்று கட்டுரை சொன்னது. கண்ணால் பார்த்த சாட்சி எதையும் அது காட்டவில்லை. குழந்தைகளின் ரத்தத்தில் கிடைத்த வைரஸின் மரபணு வரிசையையும், அந்த வரிசையிலிருந்து காலத்தைக் கணக்கிடும் மென்பொருளையும் மட்டுமே நம்பி நின்றது.

மரபணு வரிசைகளின் பரிணாமத்தை ஆராயும் மென்பொருட்கள் இன்று ஏராளம். எது எதிலிருந்து வந்தது என்று குடிவழி மரம் வரைபவை உண்டு, எந்த மாற்றத்தை இயற்கை தேர்ந்தெடுக்கிறது என்ற தேர்வழுத்தத்தை அளப்பவை உண்டு, காலம் கணிப்பவை உண்டு. இந்தத் துறையின் பலமும் பலவீனமும் எங்கே இருக்கின்றன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது பெங்காசி வழக்கைத்தான். ஒரு நிரலின் கணக்கு ஆறு உயிர்களைப் பற்றிய கேள்விக்கு எவ்வளவு தூரம் பதில் சொல்ல முடியும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது இரண்டும் அதில் தெரிகிறது.

பெங்காசியில் நடந்தது

பெங்காசி லிபியாவின் இரண்டாவது பெரிய நகரம். அங்குள்ள அல்-ஃபதே குழந்தைகள் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. இருப்பது 1998-இல் தெரியவந்தது. பெரும்பாலான தாய்மார்களுக்குத் தொற்று இல்லை. அப்படியானால் வைரஸ் வந்த வழி மருத்துவமனைதான் என்பது பெற்றோருக்குப் புரிந்துபோனது. அந்த நவம்பரில் 'லா' என்ற லிபிய இதழ் விஷயத்தை அம்பலப்படுத்தியது. குடும்பங்கள் கொதித்தன. கொதிக்காமல் எப்படி இருக்கும்? காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த பிள்ளை, வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டிய நோயோடு வீடு திரும்பியிருக்கிறது.

1999 பிப்ரவரியில் வெளிநாட்டு மருத்துவப் பணியாளர்களைக் கைது செய்யத் தொடங்கினார்கள். கடைசியில் ஆறு பேர் மேல் வழக்கு நின்றது. அவர்கள் 1998 மார்ச்சில் வந்து சேர்ந்தவர்கள். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முழு ஆய்வும் இதைச் சுற்றித்தான் சுழல்கிறது. 2001-இல் அபுஜாவில் நடந்த எய்ட்ஸ் மாநாட்டில் லிபியத் தலைவர் கடாபியே பேசி, இதற்குப் பின்னால் அந்நிய உளவுத்துறைகள் இருக்கலாம் என்றார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலரிடமிருந்து வாக்குமூலம் வாங்கப்பட்டிருந்தது. அது சித்திரவதையால் வந்தது என்று அவர்கள் நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். சித்திரவதை நடந்தது உண்மைதான் என்று பின்னாளில் கடாபியின் மகன் சைஃப் அல்-இஸ்லாமே தொலைக்காட்சிப் பேட்டியில் ஒப்புக்கொண்டார்.

எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான லூக் மோந்தான்யேயும் இத்தாலிய விஞ்ஞானி விட்டோரியோ கொலிட்ஸியும் 2003-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். மருத்துவமனையின் சுகாதாரக் குறைபாடுதான் காரணம், தொற்று 1998-க்கு முன்பே தொடங்கிவிட்டது என்பது அதன் சாரம். லிபிய நிபுணர்கள் வேறோர் அறிக்கை கொடுத்தார்கள், நீதிமன்றம் அதையே ஏற்றது. 2004 மே 6 அன்று ஆறு பேரையும் சுட்டுக் கொல்லும்படி தீர்ப்பு. 2005 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2006 நவம்பரில் 114 நோபல் பரிசாளர்கள், அறிவியல் சான்றுகளை நீதிமன்றம் கேட்க வேண்டும் என்று கடாபிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். கையெழுத்துகள் இருந்தன. இன்னும் உறுதியான சான்று தேவைப்பட்டது.

வரிசையிலிருந்து காலம் எப்படிக் கிடைக்கிறது

ஏடு பார்த்து ஏடு எழுதிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு மூலச்சுவடியைப் படியெடுப்பவர் ஓரிடத்தில் எழுத்துப் பிழை விடுகிறார். அவருடைய படியைப் பார்த்து எழுதுபவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுகிறார், தன் பங்குக்கு இன்னொன்றையும் விடுகிறார். நூறு ஆண்டு கழித்துச் சுவடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பதிப்பாசிரியர், பொதுவான பிழைகளைக் கொண்டு எது எதிலிருந்து வந்தது என்று குடிவழியை மீட்டெடுத்துவிடுகிறார். வைரஸுக்கும் அப்படித்தான். எச்.ஐ.வி.யின் மரபணுத் தொகுதி ஏறக்குறைய 9,700 எழுத்துகள் கொண்டது. அது தன்னை நகலெடுக்கும்போது நிறையப் பிழை விடும், பிழை திருத்தும் வசதியும் அதனிடம் இல்லை. ஆயிரம் எழுத்துக்கு ஆண்டுக்கு இரண்டு மூன்று மாற்றம் என்ற கணக்கில் ஓடுகிறது. மனித மரபணுவோடு ஒப்பிட்டால் இது பல லட்சம் மடங்கு வேகம்.

இந்த வேகம்தான் நமக்கு வாய்ப்பு. மாற்றங்கள் ஓரளவு சீரான வேகத்தில் சேருகின்றன என்றால், இரண்டு வரிசைகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டை வைத்து அவற்றின் பொது மூதாதை எப்போது இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். இதை மூலக்கூறு கடிகாரம் என்பார்கள். வைரஸ்களில் இன்னொரு வசதி உண்டு. வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த ரத்த மாதிரிகள் கிடைக்கும். 1995-இல் எடுத்த வரிசையும் 2005-இல் எடுத்த வரிசையும் ஒரே மரத்தில் இருந்தால், கடிகாரத்தின் வேகத்தை அந்தத் தரவிலிருந்தே அளந்துவிடலாம். மற்ற உயிரினங்களுக்குத் தேவைப்படுவது போலப் புதைபடிவம் எதுவும் வேண்டாம்.

சொல்வதற்கு எளிது. செய்யும்போதுதான் சிக்கல். மரம் எது என்று உறுதியாகத் தெரியாது, கடிகார வேகமும் உறுதியாகத் தெரியாது, வேகம் கிளைக்குக் கிளை மாறலாம், வைரஸ் பரவிய எண்ணிக்கை காலப்போக்கில் எப்படி ஏறி இறங்கியது என்பதும் தெரியாது. ஒன்றைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கணக்கிட்டால், முதலில் வைத்த அனுமானத்தின் பிழை கடைசித் தேதிக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய முறைகளின் பெரிய குறை இதுதான்.

பீஸ்ட் என்ன செய்தது

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் அலெக்ஸி டிரம்மண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002-இல் 'ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு வழி காட்டினார்கள். வெவ்வேறு காலத்தில் எடுத்த வரிசைகளைக் கொண்டு மரம், வேகம், வைரஸ் தொகை ஏறி இறங்கிய வரலாறு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மதிப்பிடும் பேசியன் முறை அது, அதாவது நம் முன்கூட்டிய எதிர்பார்ப்பையும் தரவையும் சேர்த்து நிகழ்தகவைக் கணக்கிடும் முறை. பிறகு டிரம்மண்ட் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் ஆண்ட்ரூ ராம்போவுடன் சேர்ந்தார். இருவரும் எழுதிய ஜாவா நிரல்தான் பீஸ்ட். முறையான அறிமுகக் கட்டுரை 2007-இல்தான் வந்தது. ஆனால் நிரல் அதற்கு முன்பே ஆய்வகங்களில் புழங்கிக்கொண்டிருந்தது. மூலநிரல் திறந்தது, விலை கிடையாது.

அதன் உள்ளே நடப்பது இதுதான். ஏதோ ஒரு மரத்தில் தொடங்கும். ஒரு கிளையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கும், அல்லது வேகத்தைச் சற்றே மாற்றிப் பார்க்கும். புதிய நிலை தரவுக்கு நன்றாகப் பொருந்தினால் ஏற்றுக்கொள்ளும். மோசமாகப் பொருந்தினாலும் சில வேளை ஏற்கும், எவ்வளவு மோசம் என்பதைப் பொறுத்து. இப்படி லட்சக்கணக்கில், பெரும்பாலும் கோடிக்கணக்கில், அடி எடுத்து வைத்து நடந்துகொண்டே இருக்கும். ஆயிரம் அடிக்கு ஒரு முறை தான் நிற்கும் இடத்தைக் குறித்து வைக்கும். எந்த மாதிரியான மரங்களில் அதிக நேரம் கழித்ததோ, அவற்றுக்கு அதிக நிகழ்தகவு. ஆக, முடிவில் கைக்கு வருவது ஆயிரக்கணக்கான மரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தேதி. அந்தத் தேதிகளை அடுக்கிப் பார்த்து, நூற்றில் 95 பங்கு எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குள் விழுகிறது என்று சொல்கிறோம். அந்த 95 சதவீத இடைவெளிதான் விடை. நடுவில் இருக்கும் ஒற்றை ஆண்டை மட்டும் பிடுங்கித் தலைப்பாகப் போடுவது செய்தித்தாள் பழக்கம்.

கணிப்பொறித் திரையில் இது எப்படித் தெரியும் என்று பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பியூட்டி என்ற துணைநிரலில் வரிசைக் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு மாதிரிக்கும் எடுத்த தேதியைப் பதிய வேண்டும். எழுத்து மாற்றத்துக்கான கணித மாதிரி, கடிகார வகை, தொகை வரலாற்றுக்கான கணித மாதிரி ஆகியவற்றைத் தேர்ந்ததும் இவையெல்லாம் அடங்கிய ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு உருவாகும். அதை பீஸ்டிடம் கொடுத்துவிட்டால் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் ஓடும். முடிந்ததும் டிரேசர் என்ற இன்னொரு துணைநிரலில் திறந்தால், ஒவ்வொரு அளவுருவும் அடிக்கு அடி எப்படி மாறியது என்ற வரைகோடு வரும். அது ஒரே மட்டத்தில் அடர்த்தியாக, மயிர்க்கம்பளிப் பூச்சி போல இருந்தால் நல்லது. ஆற்றுப் போக்கில் வளைந்து வளைந்து போனால் ஓட்டம் போதவில்லை என்று பொருள். பக்கத்திலேயே, உண்மையில் எத்தனை சார்பற்ற மாதிரிகளுக்குச் சமமான தகவல் கிடைத்திருக்கிறது என்ற எண் இருக்கும். அது 200-க்குக் கீழே இருந்தால் சிவப்பிலோ மஞ்சளிலோ காட்டும். அந்த எண் தேறாத எந்தத் தேதியையும் நான் நம்புவதில்லை, கட்டுரை எந்தப் பெரிய இதழில் வந்திருந்தாலும் சரி.

பெங்காசி ஆய்வின் நேரத்துக்குச் சரியாக இன்னொரு முன்னேற்றமும் கைகொடுத்தது. டிரம்மண்ட், ராம்போ உள்ளிட்ட நால்வர் அதே 2006-இல் தளர்ந்த கடிகார முறையை வெளியிட்டார்கள். எல்லாக் கிளைகளும் ஒரே வேகத்தில்தான் மாற வேண்டும் என்ற பிடிவாதம் அதில் இல்லை.

ஆய்வில் கிடைத்தவை

சிகிச்சைக்காக ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளிடமிருந்து வைரஸ் வரிசைகள் கிடைத்தன. துலியோ டி ஒலிவேரா, ஆலிவர் பைபஸ், ஆண்ட்ரூ ராம்போ ஆகியோரும் இத்தாலிய ஆய்வாளர்களும் சேர்ந்து வேலையில் இறங்கினார்கள்.

முதலில் மரம். குழந்தைகளின் எச்.ஐ.வி. வரிசைகள் எல்லாம் ஒரே கொத்தாக நின்றன. வகை, மேற்கு ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள ஒரு கலப்பின வகை. அதாவது ஒரு மூலத்திலிருந்து வந்து, அங்கேயே குழந்தைக்குக் குழந்தை பரவியிருக்கிறது. வெளியிலிருந்து விசேஷமாகக் கொண்டுவந்த ஆய்வக வைரஸ் என்று நினைக்க அதில் ஒன்றுமே இல்லை.

அப்புறம் தேதி. இங்கேதான் குழு மிகுந்த பொறுப்போடு நடந்துகொண்டது. ஒரே ஒரு கணித மாதிரியை ஓட்டி, ஒரு தேதியைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. கண்டிப்பான கடிகாரம், தளர்ந்த கடிகாரம், தொகை ஒரே நிலையில் இருந்ததாக ஒன்று, பெருகியதாக இன்னொன்று என்று அனுமானங்களை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். எந்த அனுமானத்தில் வைத்தாலும், கிட்டத்தட்ட எல்லா ஓட்டங்களிலும், கொத்தின் பொது மூதாதை 1998 மார்ச்சுக்கு முன்பே இருந்தது. அந்தக் கொத்து மார்ச்சுக்குப் பிறகு தொடங்கியிருக்க வாய்ப்பு பெரும்பாலான ஓட்டங்களில் பூஜ்யத்தை ஒட்டியே நின்றது. மூதாதை மட்டும் அல்ல, மரத்தில் பின்னால் தெரியும் கிளைகளில் பலவும் அந்தத் தேதிக்கு முன்பே பிரிந்துவிட்டிருந்தன. ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் இருந்து பிறகு வெடித்தது என்ற விளக்கத்துக்கும் இதனால் இடமில்லாமல் போனது.

என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் உயிர்நாடி எச்.ஐ.வி. அல்ல, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி. அந்தக் குழந்தைகளில் பலருக்கு அந்த வைரஸும் இருந்தது. அதைப் பரப்பியதாக யாரும் அந்த ஆறு பேர் மேல் குற்றம் சாட்டவில்லை. அதன் வரிசைகளைப் பார்த்தால் ஒரே கொத்து இல்லை, தனித்தனி மூலங்களிலிருந்து வந்த கொத்துகள். அவையும் 1998 மார்ச்சுக்கு முந்தையவை. இரண்டு வேறு வைரஸ்கள், பல வேறு நுழைவுகள், ஒரே மருத்துவமனை, ஒரே வயதுப் பிள்ளைகள். இவற்றை இணைக்கக்கூடியது ஊசியும் ரத்தம் படும் கருவிகளும்தான். சரியாகக் கிருமிநீக்கம் செய்யாத கருவிகள் நாள்பட்டுப் புழங்கிய ஓரிடத்தின் தடயம் இது. ஒரு சதிகாரர் ஒரு நாள் வந்து செய்த காரியம் இப்படி இருக்காது. 1988 வாக்கில் சோவியத் நாட்டின் எலிஸ்டா நகரிலும் குழந்தைகள் மருத்துவமனையில் இதே வகையில் எச்.ஐ.வி. பரவியிருந்தது. உலகம் பார்க்காத விஷயம் அல்ல.

தீர்ப்பும் அதன் பிறகும்

கட்டுரை வந்த பதின்மூன்றாம் நாள், 2006 டிசம்பர் 19 அன்று, மறுவிசாரணை நீதிமன்றம் மீண்டும் மரண தண்டனை விதித்தது. 2007 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஒவ்வொரு குழந்தையின் குடும்பத்துக்கும் சுமார் பத்து லட்சம் டாலர் இழப்பீடு என்று ஒப்பந்தமான பிறகு, ஜூலை 17-இல் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. ஜூலை 24 அன்று ஆறு பேரும் பிரெஞ்சு அரசு விமானத்தில் சோஃபியா வந்து இறங்கினார்கள். பல்கேரிய அதிபர் உடனே மன்னிப்பு வழங்கினார்.

அவர்களை விடுவித்தது மென்பொருள் என்று சொன்னால் அது பொய். ராஜதந்திரமும் பணமும் விடுவித்தன. லிபிய நீதிமன்றம் கட்டுரையைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டுரை வந்த பிறகு, இவர்கள் குற்றவாளிகளாக இருக்கலாமோ என்று அறிவியல் தெரிந்த எவரும் தயங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பேச்சுவார்த்தை மேசையில் அது எவ்வளவு எடை போட்டது என்று அளக்க முடியாது. எடையே போடவில்லை என்றும் நான் நம்பவில்லை. அந்த நேரத்துக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோயிருந்தார்கள். வழக்கு எட்டு ஆண்டுகள் வெளிநாட்டவரைத் துரத்திக்கொண்டிருந்ததில், அந்த மருத்துவமனையின் ஊசிகளுக்கும் கருவிகளுக்கும் யார் பொறுப்பு என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம். பெற்றோருக்கு உண்மையான பதில் கிடைக்கவே இல்லை.

எங்கே பலம், எங்கே பலவீனம்

இவ்வகை ஆய்வுகளின் பெரிய பலம், மறுப்பதில் இருக்கிறது. "இவர் வருவதற்கு முன்பே பரவியிருந்தது" என்பதைச் சொல்ல, தேதியின் இடைவெளி அகலமாக இருந்தாலும் பரவாயில்லை. இடைவெளி முழுவதும் குறிப்பிட்ட நாளுக்கு முன்னால் விழுந்தால் போதும். ஆனால் "இவரிடமிருந்துதான் அவருக்குப் போனது" என்று சொல்வது முற்றிலும் வேறு சுமை. இரண்டு வரிசைகள் மரத்தில் அக்கம்பக்கமாக நின்றாலும், நடுவில் மாதிரி எடுக்காத மூன்றாவது ஆள் இருந்திருக்கலாம். இருவரும் வேறொருவரிடமிருந்து பெற்றிருக்கலாம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1998-இல் ஒரு மருத்துவருக்கு எதிரான வழக்கில் எச்.ஐ.வி. குடிவழி மரம் முதன்முறையாக அந்நாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது. அங்கேகூட மரம் தனியாக நிற்கவில்லை, ரத்தம் எடுத்த பதிவேடுகளும் பிற சாட்சியங்களும் சேர்ந்துதான் தண்டனைக்கு வழிவகுத்தன.

ஸ்பெயினின் வலென்சியாவில் ஒரு மயக்க மருத்துவர் தன் நோயாளிகள் 275 பேருக்கு ஹெபடைடிஸ் சி தொற்ற வைத்த வழக்கும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2007-இல் அவருக்குத் தண்டனை கிடைத்தது. யார் அந்தக் கொத்தைச் சேர்ந்தவர், யாருக்கு வேறு வழியில் தொற்று வந்தது என்று பிரிப்பதற்கும், ஒவ்வொருவருக்கும் எப்போது தொற்றியது என்று மதிப்பிடுவதற்கும் இதே கடிகார முறைகள் உதவின. பெங்காசியில் விடுவிக்கும் பக்கம் நின்ற கருவி இங்கே குற்றத்தை நிறுவும் பக்கம் நின்றது. இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்.

பலவீனம் என்று பார்த்தால், பேசியன் முறையில் நாம் முன்கூட்டியே கொடுக்கும் எதிர்பார்ப்பு விடையைப் பாதிக்கும். தரவில் தகவல் குறைவாக இருந்தால் நாம் போட்டதே விடையாகத் திரும்பி வரும், அழகான வரைபடத்தோடு. எல்லா மாதிரிகளும் ஒரே மாதத்தில் எடுத்தவை என்றால், கடிகார வேகத்தைத் தரவிலிருந்து அளக்கவே முடியாது. அப்போதும் நிரல் மறுப்புச் சொல்லாமல் ஒரு தேதியைக் கொடுக்கும். அதுதான் ஆபத்து. பெங்காசிக் குழு இதற்காகத்தான் மற்ற நாடுகளின் வரிசைகளையும் சேர்த்துக்கொண்டு, அனுமானங்களை மாற்றி மாற்றிச் சோதித்தது.

ஒரு நிரல் துறையையே மாற்றிய விதம்

பீஸ்டின் 2007-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. எண்ணிக்கையை விட, எந்தக் கேள்விகளுக்கு அது பதில் தந்தது என்பது எனக்கு முக்கியம்.

எச்.ஐ.வி. மனிதர்களிடம் எப்போது வந்தது? 1950-களின் இறுதியில் காங்கோவில் கொடுத்த போலியோ சொட்டு மருந்து வழியாக வந்தது என்ற பேச்சு ஒரு காலத்தில் பலமாக அடிபட்டது. 2000-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் சூப்பர் கணிப்பொறியில் கணக்கிட்டு, உலகமெங்கும் பரவிய எம் பிரிவின் மூதாதையை 1931 வாக்கில் வைத்தார்கள். 2008-இல் மைக்கேல் வொரோபி குழு, காங்கோவின் கின்ஷாசாவில் 1960-இல் எடுத்து மெழுகுக் கட்டியில் பாதுகாத்த நிணநீர்க் கணுவிலிருந்து வைரஸ் துண்டுகளை மீட்டது. பழைய மாதிரி ஒன்று கூடுதலாகக் கிடைத்ததும் பீஸ்ட் தேதியை இன்னும் பின்னுக்குத் தள்ளியது: 1908 வாக்கில், இடைவெளி 1884 முதல் 1924 வரை. சொட்டு மருந்துக் கதை அத்தோடு நிற்க வழியில்லாமல் போனது. ஃபிலிப் லெமேயும் மற்றவர்களும் காலத்தோடு இடத்தையும் சேர்த்துக் கணிக்கும் வழியை உருவாக்கிய பிறகு, 2014-இல் அந்தப் பரவலின் தொடக்கப் புள்ளி கின்ஷாசா, காலம் 1920 வாக்கில் என்று காட்டப்பட்டது.

2009 பன்றிக் காய்ச்சலின்போது, நோய் வெளியே தெரிந்த சில வாரங்களுக்குள்ளேயே அதன் பொது மூதாதை 2009 ஜனவரி வாக்கில் இருந்தது என்று கணித்துச் சொல்ல முடிந்தது. 2014-இல் சியரா லியோனில் எபோலா வரிசைகளைச் சேகரித்து உடனுக்குடன் பொதுவில் வைத்த ஆய்வில் பங்கேற்றவர்களில் ஐந்து பேர், கட்டுரை அச்சாகும் முன்பே அதே நோயில் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய வரிசைகளைக் கொண்டுதான், விலங்கிலிருந்து திரும்பத் திரும்ப வரவில்லை, மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது என்பது தெளிவானது. கோவிட் வைரஸ் ஹூபெய் மாகாணத்தில் 2019 அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் பரவத் தொடங்கியிருக்கும் என்ற 2021-ஆம் ஆண்டு மதிப்பீடும் இந்த வழியில் வந்ததுதான். பெங்காசிக் கட்டுரையின் முதல் ஆசிரியரான துலியோ டி ஒலிவேரா, 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒமைக்ரான் வகையை உலகுக்கு அறிவித்த குழுவின் தலைவர். அறிவித்த கையோடு பல நாடுகள் தெற்கு ஆப்பிரிக்க விமானங்களை நிறுத்தின. முதலில் கண்டு சொன்ன இடமே நோய் தொடங்கிய இடம் என்று எடுத்துக்கொள்ளும் அவசரம் இன்னும் போகவில்லை.

நம் மொழிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2018-இல் விஷ்ணுபிரியா கோலிபாக்கமும் அவருடன் பணியாற்றியவர்களும் 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களைத் தாய்மொழியாளர்களிடமிருந்து நேரடியாகச் சேகரித்து, ஒரே வேரிலிருந்து வந்த சொற்களை அடையாளம் கண்டு, பீஸ்டின் இரண்டாம் தலைமுறை நிரலில் ஓட்டினார்கள். திராவிடக் குடும்பத்தின் வயது சுமார் 4,500 ஆண்டுகள் என்று வந்தது. அப்போது நம் ஊடகங்களில் அந்த எண் மட்டும் ஓடியது. இடைவெளி இரண்டு பக்கமும் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அகலமானது என்பதை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அந்த அகலத்தோடு சேர்த்துப் படித்தால்தான் ஆய்வு மதிப்பு பெறுகிறது. தமிழ் வேறு, திராவிடக் குடும்பத்தின் வேர் வேறு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதை நாமே செய்து பார்க்க வேண்டும் என்று நினைக்கும் மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலைக் குறிப்பு. வைரஸ் வரிசைகள் ஜென்பேங்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, நிரலும் இலவசம், சாதாரண மடிக்கணினி போதும். ஓட்டுவதற்கு முன் டெம்ப்எஸ்ட் என்ற நிரலில் போட்டு, மாதிரித் தேதிக்கும் மரத்தின் வேரிலிருந்து உள்ள தூரத்துக்கும் தொடர்பு தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திக்கொண்டு வேறு தரவைத் தேடுங்கள். தெரிந்தால், வரிசைகளே இல்லாமல் எதிர்பார்ப்பை மட்டும் வைத்து ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டு ஓட்டத்திலும் ஒரே தேதி வந்தால், வரிசைகள் எதுவும் சொல்லவில்லை, நீங்கள் போட்டதுதான் திரும்ப வந்திருக்கிறது. தேதி மாறினால், வெவ்வேறு தொடக்கத்திலிருந்து குறைந்தது இரண்டு முறை ஓட்டி ஒப்பிடுங்கள். எக்ஸ்எம்எல் கோப்பைக் கட்டுரையோடு சேர்த்தே வெளியிடுங்கள், வேறொருவர் அதே கோப்பை எடுத்து ஓட்டிச் சரிபார்க்க முடிய வேண்டும்.